காசு கொடுத்து ஓடியவர்கள்

எங்கள் லேபர் கேம்பில் ஓடாதவர்கள் என்று யாரும் கிடையாது. விடிவதற்குள் "தண்ணி வந்துட்டு" என்று ஒரு குரல் கேட்டால் போதும், குடத்தோடு ஓடுவார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் சயன் ஸ்டேஷனுக்கோ மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனுக்கோ லோக்கலைப் பிடிக்க ஓடுவார்கள். அடைமழை நாளில் சாக்கடை நீர் வாசல்படி ஏறுவதற்குள் அரிசியைப் பரணில் ஏற்ற ஓடுவார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் பற்றி எரிந்தபோது, பதினான்கு வயதில், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடியிருக்கிறேன். ஆனால் எதையும் பிடிக்கப் போகாமல், எதற்கும் பயப்படாமல், ஓடுவதற்காகவே ஓடுவது என்பது மூன்று தலைமுறையாக இங்கே வாழும் எங்கள் குடும்பத்தில் யாரும் செய்திராத காரியம்.

அதனால்தான் சதாரா மலை அரை மாரத்தான் பற்றிய பேச்சு 2023 மார்ச்சில் எங்கள் சந்துக்குள் நுழைந்தபோது, முதலில் எழுந்த கேள்வி தூரத்தைப் பற்றியதாக இல்லை. இட்லி மாவு அரைத்து விற்கும் என் தோழி கேட்டாள்: "ஏக்கா, ஓடுறதுக்கு அவுக நமக்குக் காசு குடுப்பாகளா, நாம அவுகளுக்குக் குடுக்கணுமா?" நாம்தான் கொடுக்க வேண்டும் என்றதும் அவள் சிரித்த சிரிப்பு அடுத்த சந்துவரை கேட்டது.

சிரிப்பில் நியாயம் இருந்தது. பதிவுக் கட்டணம், ஷூ, பஸ் செலவு, ஒரு ராத்திரி தங்கும் செலவு எல்லாம் சேர்ந்தால் அவளுடைய இரண்டு வார லாபம். அந்தக் காசில் வீட்டுக்கு ஒரு நல்ல மிக்சி வாங்கலாம்.

யோசனையைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டுப் பெண். கல்லூரி அளவில் 1,500 மீட்டர் ஓடியவள். இருபத்திரண்டு வயது. என்னை அத்தை என்பாள். எங்களில் மூத்தவர் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை, மராத்தியப் பெண்மணி. கேம்பிலேயே பிறந்து வளர்ந்ததால் திருநெல்வேலித் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்பார்கள். எங்கள் காதுக்கு அது அம்மா மாதிரியே ஒலிப்பதால் கேம்பில் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் தாயிதான். நான்காவது ஆள் நான். மொழிபெயர்ப்பும் பத்திரிகை வேலையுமாக நாளில் பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருப்பவள். "சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு அந்த ஆண்டு ஜூனில் சொன்னது. அந்தக் கணக்கில் சேராமலிருக்க எனக்கும் ஆசை இருந்தது.

அரை மாரத்தான் என்றால் 21 கிலோமீட்டரும் ஏறக்குறைய 100 மீட்டரும். முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட தூரம். 1921-ல் அதுவே நிலையான அளவாயிற்று. சதாராவில் ஓடுவது அதில் பாதிதான். ஆனால் அந்தப் பாதியில் ஒரு பாதி மலை ஏற்றம். நகரத்திலிருந்து யவதேஷ்வர் மலைப்பாதையில் காஸ் பீடபூமி இருக்கும் திசையில் ஏறி, நடுவழியில் திரும்பி, வந்த வழியே இறங்க வேண்டும். 2012-ல் தொடங்கிய இந்த ஓட்டம் மழைக்காலத்தில்தான் நடக்கிறது. அதே 2012-ல்தான் காஸ் பீடபூமியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

முதல் நாள் பயிற்சி என்பது ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. அப்படிப் பத்து முறை. "பேசிக்கிட்டே ஓட முடியணும் அத்தை. பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றாள் எங்கள் பயிற்சியாளர். இது எங்களுக்கு மிகவும் பிடித்த விதி. பேசுவதில் எங்கள் மூவருக்கும் பல வருஷப் பயிற்சி இருந்தது. வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக்கூடாது என்பது இரண்டாவது விதி. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பலப்படும். மூச்சு தாங்குகிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்கு முழங்காலும் கெண்டைக்காலும் பதில் சொல்லும்.

விதிகள் சுலபம். இடம்தான் இல்லை. லேபர் கேம்பிலும் அதை ஒட்டிய தாராவியிலும் லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறோம். விடியற்காலையில் நான்கு பெண்கள் வரிசையாக ஓட ஒரு மைதானம் கிடைப்பது கஷ்டம். சந்தில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அறுபதடி ரோட்டில் ஐந்து மணிக்கே டெம்போக்கள் சரக்கு இறக்கும். ஆகவே ரயில் பாதையைக் கடந்து கிழக்கே போனோம். அங்கே இருப்பதும் மாட்டுங்காதான். கிங்ஸ் சர்க்கிளின் பூக்கடைகளும் காப்பி மணமும் கொண்ட அந்த மாட்டுங்காவிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் ஆபீஸ் வேலைக்கு வந்தார்கள், எங்கள் தாத்தாக்கள் தோல் பதனிடும் வேலைக்கு வந்தார்கள். நடுவே ஓடும் ரயில் இருவரையும் அன்றிலிருந்து இன்றுவரை பிரித்தே வைத்திருக்கிறது.

அதையும் தாண்டினால் ஃபைவ் கார்டன்ஸ். மரநிழல், அகலமான நடைபாதை, நாய்களோடு ஓடும் கனவான்கள். மூன்றாம் நாள் ஒரு கட்டடத்தின் காவலாளி எங்களை நிறுத்தி, "எந்த வீட்டுல வேலை? ஏன் ஓடுறீங்க?" என்று இந்தியில் கேட்டார். அவரும் எங்களைப்போல் பிழைக்க வந்தவர்தான். வசதியுள்ளவர் ஓடினால் அது உடற்பயிற்சி; வசதியில்லாதவர் ஓடினால் எதையோ எடுத்துக்கொண்டு ஓடுகிறார் என்று நகரம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. தாயி நின்று, நிதானமாக, சுத்தமான மராத்தியில் தன் பெயரையும் பள்ளியையும் வகுப்பையும் சொன்னார். மறுநாளிலிருந்து காவலாளி சலாம் வைத்தார். அந்த சலாமும் தாயிக்குப் பிடிக்கவில்லை. "டீச்சர்னு சொன்னதால விட்டான். மாவு அரைக்கிறவன்னு சொல்லியிருந்தா?" என்றார்.

உடை அடுத்த பிரச்சினை. இட்லிக்காரத் தோழி பிறந்ததிலிருந்து பாவாடை, தாவணி, புடவை தவிர வேறு அறியாதவள். புடவையோடு ஓடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தாயி அவளுக்கு லதா பகவான் கரேயின் கதையைச் சொன்னார். விதர்பாவிலிருந்து பாராமதிக்குப் பிழைக்க வந்த விவசாயக் கூலிப் பெண். அறுபதைத் தாண்டிய வயதில், கணவரின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பதற்காக, 2014-ல் பாராமதி மாரத்தானில் முதியோருக்கான ஓட்டத்தில் ஒன்பது கஜப் புடவையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி முதல் பரிசை வாங்கினார். அவர் வாழ்க்கை 2020-ல் சினிமாவாக வந்தது. அதில் அவர் வேடத்தில் அவரே நடித்தார்.

கதை முடிந்ததும் தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தம்மாவும் காசுக்குத்தானே ஓடினாக" என்றாள். மறுவாரம் மகனுடைய பழைய டிராக் பேன்ட்டையும் தொளதொளப்பான சட்டையையும் போட்டுக்கொண்டு வந்தாள். "புடவையில ஓடுனா வேல ஞாபகம் வருது" என்றாள்.

பெண்ணின் உடம்புக்கு நெடுந்தூரம் ஆகாது என்ற எண்ணம் எங்கள் சந்துக்கு மட்டும் சொந்தமில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று கூச்சல் எழ, அந்தப் போட்டியை எடுத்துவிட்டு 1960-ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் 261 என்ற எண்ணோடு ஓடிய காத்ரின் ஸ்விட்சரை நடுவழியில் பிடித்து இழுக்கப் பார்த்தார் ஓர் அதிகாரி. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்தது 1984-ல். அப்போது எனக்கு ஆறு வயது. நாங்கள் போகவிருந்த சதாரா மாவட்டத்தின் வறண்ட மாண் தாலுகாவைச் சேர்ந்த லலிதா பாபர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் இறுதிச் சுற்றில் ஓடிப் பத்தாவதாக வந்தார். பி.டி. உஷாவுக்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து ஒலிம்பிக் தடகள ஓட்டத்தின் இறுதிச் சுற்றை எட்டிய இந்தியப் பெண் அவர்.

ஜூலைக்குள் நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஓடக் கற்றிருந்தோம். மலைக்கு எங்கே போவது? சயன் கோட்டைக் குன்றில் ஏறி இறங்கினோம். மழை கொட்டிய நாட்களில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டில் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்து யாராவது எட்டிப்பார்த்தார்கள். "லிஃப்ட் ரிப்பேரா?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

செப்டம்பரில் தாதரிலிருந்து எஸ்.டி. பஸ்ஸில் கிளம்பினோம். புனேயைத் தாண்டிக் கம்பாட்கி கணவாய் வந்ததும் தாயி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். "அண்ணாபாவ் நடந்து வந்தது இந்தப் பக்கத்துலேர்ந்துதான்" என்றார். மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே 1920-ல் பிறந்த வாட்டேகாவ் இப்போது சாங்லி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது சதாரா மாவட்டம். சிறுவனாக இருந்தபோது குடும்பத்தோடு அங்கிருந்து பம்பாய்க்கு நடந்தே வந்தவர். பிழைப்புக்காகப் பல வேலைகள் செய்தார். பிறகு எங்கள் மாட்டுங்கா லேபர் கேம்பில்தான் தொழிலாளர் இயக்கத்தோடு வளர்ந்தார். அவரைப் பார்த்து எழுத வந்த பாபுராவ் பாகுலும் இதே கேம்பில் வளர்ந்தவர். தாயியின் அப்பா இந்த இருவர் பெயரையும் சொல்லித்தான் மகளைப் படிக்க வைத்தாராம். எங்கள் கேம்பின் மராத்திக் குடும்பங்கள் வறட்சிக்குப் பயந்து இந்தச் சாலைகள் வழியாக வந்தன. அதே சாலையில் நாங்கள் எண் எழுதிய துணியை வாங்கப் போய்க்கொண்டிருந்தோம்.

சதாரா சின்ன நகரம். அஜிங்கியதாரா கோட்டை அதன் தலைமேல் நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் தாயி எங்களை நேராக ராஜ்வாடாவுக்கு அழைத்துப் போனார். பழைய அரண்மனையை ஒட்டி பிரதாப்சிங் உயர்நிலைப் பள்ளி. 1900 நவம்பர் 7-ம் தேதி சிறுவன் பீமராவ் அம்பேத்கர் சேர்ந்த பள்ளி இது. அந்தத் தேதியை 2017 முதல் மகாராஷ்டிர அரசு மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் தாயி. "நாளைக்கு ஓடுற வழியில எனக்கு முடியலைன்னா இதை நெனச்சுக்குவேன்" என்றார்.

அவர் நினைத்தது பள்ளியை மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலை நாங்கள் இருவரும் சேர்ந்து படித்திருந்தோம். 1901-ல் கோடை விடுமுறைக்காக, கோரேகாவில் வேலையிலிருந்த அப்பாவைப் பார்க்கப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சதாராவிலிருந்து கிளம்புகிறார்கள் பிள்ளைகள். மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அழைத்துப்போக ஆள் வரவில்லை. என்ன ஜாதி என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி தருகிறோம் என்ற பிறகும் வண்டிக்காரர் கூட உட்கார மறுக்கிறார்; பிள்ளைகளே மாட்டை ஓட்ட, அவர் பக்கத்தில் நடந்து வருகிறார். கையில் சாப்பாடு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடியில் கேட்டும் கிடைக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தாகத்தோடு கிடக்கிறார்கள். நடந்தது இந்த மாவட்டத்துச் சாலையில்.

ஞாயிறு காலை மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள். டோல் தாஷா முழங்கியது. தூறல். நான்கு பேரும் நெஞ்சில் எண் குத்திக்கொண்டு கூட்டத்தின் பின்வரிசையில் நின்றோம். தோழி காலை இரண்டு மணிக்கு எழுந்துவிட்டாளாம். "மாவு அரைக்கிற நேரம், தூக்கம் வரல" என்றாள்.

முதல் மூன்று கிலோமீட்டர் நகரத்துக்குள். மாடிகளிலிருந்து கை தட்டினார்கள். பிறகு வீடுகள் குறைந்தன, சாலை நிமிர்ந்தது. மலை ஏறுவதற்கு எங்கள் பயிற்சியாளர் சொல்லியிருந்த வழி, அடியைச் சுருக்கி வைப்பது, தலையைக் குனியாமல் பத்தடி தூரத்தில் பார்வையை வைப்பது, கையை வீசுவது. ஓட்டமும் நடையுமாக ஏறினோம். வலது பக்கம் மேகம் பள்ளத்தாக்கை மூடியிருந்தது. மேகம் விலகும்போது கீழே நகரம் தெரியும், மறுபடி மறையும். சாலையோரப் புல்லில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்ற விதி எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அன்று பேச்சை நிறுத்தியது மூச்சில்லை. இவ்வளவு வெற்றிடத்தை நாங்கள் பார்த்ததே கிடையாது. சுவர் இல்லை, வண்டி இல்லை, எதிரில் வருகிறவருக்கு வழிவிட வேண்டியதில்லை. நான்கு பேரும் ஒரே வரிசையில் ஓடினோம்.

ஏற்பாட்டாளர்கள் வைத்திருந்த தண்ணீர்ப் பந்தல்கள் தவிர, மலைமேல் வீட்டு வாசல்களிலும் ஜனங்கள் நின்றார்கள். லேஜிம் ஆடும் பிள்ளைகள், தலையில் முக்காடு போட்ட கிழவிகள், வாழைப்பழம் நீட்டும் கைகள். ஒரு திருப்பத்தில் ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன் வீட்டுப் பித்தளைச் செம்பும் எவர்சில்வர் டம்ளருமாக நின்றான். ஓடுகிறவர்கள் பிளாஸ்டிக் பாட்டில்தான் வாங்கினார்கள். அவன் டம்ளரை யாரும் வாங்கவில்லை. தாயி நின்றார். டம்ளரை வாங்கினார். முகத்துக்கு எட்ட வைத்து அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், உதட்டில் வைத்து, மெதுவாக, முழுவதும் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். பையன் சந்தோஷமாக ஊற்றினான். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எந்த வகுப்பு?" என்று தாயி கேட்டார். நான்காவது என்றான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் தலையைத் தடவினார். அவன் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் நான் தாயியிடம், காலம் மாறித்தான் இருக்கிறது என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னைக்கு ஓடுறவங்களுக்குத் தண்ணி. நாளைக்கு நம்பர் இல்லாம வந்தா என்னன்னு நாளைக்கு வந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றார். இரண்டு அடி கழித்து, "ஆனா தண்ணி நல்லா இருந்துச்சு" என்றார்.

இறக்கம் சுலபம் என்று நினைப்பவர்கள் மலையில் ஓடியிருக்க மாட்டார்கள். ஏறும்போது மூச்சுதான் வேலை செய்கிறது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் முழுக் கனத்தையும் தொடைத்தசை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. மறுநாள் படிக்கட்டில் இறங்க முடியாமல் செய்வது அந்த வேலைதான். பதினேழாவது கிலோமீட்டரில் எனக்குத் தொடை கல்லாகிவிட்டது. தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தினம் மாவுத் தூக்கோடு ஐந்து மாடி ஏறி இறங்குகிறவளுக்கு இறக்கம் ஒரு பொருட்டாகவே இல்லை. எங்கள் நால்வரில் அன்று நன்றாக ஓடியவள் அவள்தான். பயிற்சியாளரை எங்களோடு நிறுத்திவிட்டு, கடைசி இரண்டு கிலோமீட்டரை அவள் தனியாக ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கழுத்தில் பதக்கத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாளா, மழையா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்கு மூன்று மணி இருபது நிமிஷம் ஆயிற்று.

திரும்பும் பஸ்ஸில் கந்தி பேடாப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள் தோழி. கட்டணம் இவ்வளவு, ஷூ இவ்வளவு, இரண்டு நாள் வியாபாரம் போனது இவ்வளவு. "மிக்சி வாங்கியிருந்தா அதுக்குள்ளயும் மாவுதான் அரைச்சிருப்பேன்" என்று கணக்கை முடித்தாள். வீட்டில் அவள் கணவர் பதக்கத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். வாங்க வருகிறவர்களிடம் தூரத்தை இருபத்தைந்து கிலோமீட்டர் என்று கூட்டிச் சொல்கிறாராம்.

என் சர்க்கரை இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. பயிற்சியாளரிடம் இப்போது கேம்பிலிருந்து பதினொரு பெண்கள் வருகிறார்கள். நான்கு பேருக்கு இருந்த இடப் பிரச்சினை பதினொரு பேருக்கு இன்னும் பெரிசு. மழைக்காலத்தில் படிக்கட்டும் கிடைப்பதில்லை, கதவு திறந்து திட்டுகிறார்கள். தாராவி மறுசீரமைப்பு பற்றி 2004 முதல் கேட்டுவருகிறோம். யாருக்கு எத்தனை சதுர அடி என்ற பேச்சு ஒவ்வொரு கூட்டத்திலும் நடக்கிறது. இப்போதெல்லாம் அந்தக் கூட்டங்களுக்கு இட்லிக்காரத் தோழியும் வருகிறாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லோரும் வீட்டைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு எழுந்து, "ஓட எடம் எங்கய்யா வச்சிருக்கீக?" என்று கேட்கிறாள். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். போன கூட்டத்தில் அவளுக்குப் பின்னால் தாயியும் எழுந்து நின்று அதையே மராத்தியில் கேட்டார். வந்திருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள்.